தொழிற்கல்வி: ஒரு பெயரின் இரண்டு வாழ்க்கை

தமிழ்நாட்டில் 'தொழிற்கல்வி' என்ற சொல் இரண்டு இடங்களில் புழங்குகிறது. மருத்துவம், பொறியியல், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகிய பட்டப்படிப்புகளை அரசு அறிவிப்புகளும் செய்தித்தாள்களும் 'தொழிற்கல்விப் படிப்புகள்' என்று எழுதுகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல் முதலியவற்றில் 2021இலும் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டபோது இந்தச் சொல் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. இதே சொல் பிளஸ் ஒன் சேர்க்கைப் படிவத்திலும் உண்டு. அங்கே அது பட்டியலின் கடைசியில் நிற்கும். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு மிஞ்சுகிற பிரிவின் பெயர் அது.

ஒரு வீட்டில் தொழிற்கல்வி கிடைத்துவிட்டது என்று இனிப்பு வாங்கிக் கொடுக்கிறார்கள். இன்னொரு வீட்டில் தொழிற்கல்விதான் கிடைத்தது என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் முன்னது புரொஃபஷனல், பின்னது வொகேஷனல். தமிழ் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தது. அந்த ஒரு பெயர் எப்படி இரண்டாகப் பிளந்தது என்று பின்னோக்கிப் போனால், பதினைந்து வயதுப் பிள்ளையைக் கல்லூரிக்குத் தயார் செய்வதா, வேலைக்குத் தயார் செய்வதா என்று நாம் நெடுநாளாகப் போட்டுவரும் கணக்கும் கூடவே விளங்கும்.

'தொழில்' பழைய சொல். தொல்காப்பியர் வினையைக் குறிக்கவும் இதை ஆள்கிறார்; 'தொழிற்பெயர்' என்ற இலக்கணக் குறியீடு அவரிடமே இருக்கிறது. நம் பிள்ளைகள் இந்தச் சொல்லை முதலில் சந்திப்பதும் தமிழ் இலக்கண வகுப்பில்தான். உழுதல், நெய்தல், எழுதுதல், படித்தல் எல்லாம் தொழிற்பெயர் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போடுவார். இலக்கணத்தின் கண்ணில் உழுவதும் தொழில், படிப்பதும் தொழில். தொழில், தொழும்பு, தொண்டு ஆகியவற்றை ஒரே குடும்பத்துச் சொற்களாகக் காணும் சொல்லாய்வாளர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் பணிந்து செய்யும் ஊழியத்தின் சாயலும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

திருவள்ளுவர் பெருமை அதிகாரத்தில், 972ஆம் குறளில், பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஆள் சிறப்பு வேறுபடுவது அவரவர் செய்யும் தொழிலின் வேறுபாட்டால் என்கிறார். அங்கே தொழில் என்பது சாதிப் பிழைப்பு ஆகாது. ஒருவர் செய்யும் செயலும் அதன் தன்மையும்தான். அந்தக் குறளைப் பிறப்பால் வரும் உயர்வு தாழ்வுக்கு எதிரான குரலாகத் தமிழர்கள் காலங்காலமாக எடுத்துக்காட்டி வருவது இதனால்தான். பாரதியின் 'தொழில்' என்ற பாடலை நினைத்துப் பார்க்கலாம். இரும்பு உருக்குகிறவரையும் மண்ணை உழுகிறவரையும் கவிதை கட்டுகிறவரையும் அறிவியல் நூல் செய்கிறவரையும் அவர் அந்த ஒரே தலைப்பின் கீழ் நிறுத்தி வணங்குகிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் சொல்லின் விரிவு குறையவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்றைக்கும் உள்ளாட்சிக்குக் கட்டும் 'தொழில் வரி'யில் அந்த விரிவு மிச்சமிருக்கிறது. வழக்கறிஞரும் வங்கி அலுவலரும் பள்ளி ஆசிரியரும் அரையாண்டுக்கு ஒருமுறை அந்தப் பெயரில்தான் பணம் கட்டுகிறார்கள்.

அப்படியானால் சொல் எங்கே குறுகியது? அதன் முன்னால் வந்து ஒட்டிக்கொண்ட அடைகளில் என்று எனக்குத் தோன்றுகிறது. 'குலத்தொழில்' என்ற கூட்டுச்சொல் தொழிலைப் பிறப்போடு முடிச்சுப் போட்டது. தச்சர் மகன் தச்சன், குயவர் மகன் குயவன், துப்புரவு செய்கிறவர் மகளுக்கும் அதே வாளியும் துடைப்பமும். 'கைத்தொழில்' என்ற சொல் தொழிலை உடம்பின் ஓர் உறுப்போடு கட்டியது. மூளைக்கு அதில் வேலை இல்லை என்ற நினைப்பு சத்தமில்லாமல் கூடவே வந்தது. இலங்கைத் தமிழில் இப்படி நடக்கவில்லை. அங்கே பெரிய ஆலைகளைக் கவனிக்கும் அரசுத் துறைக்கே 'கைத்தொழில் அமைச்சு' என்று பெயர். ஆசிரியர், மருத்துவர் போன்றோரின் தொழில்முறைத் திறத்துக்கு 'வாண்மை' என்று தனிச்சொல்லையும் அவர்கள் வழக்கில் கொண்டுவந்துவிட்டார்கள். மலையாளத்தில் தொழில் என்றால் வேலை. நாம் நூறு நாள் வேலை என்று சொல்வதை அவர்கள் 'தொழிலுறப்பு' என்கிறார்கள். ஒரே வேர்ச்சொல் மூன்று மண்ணில் மூன்று மதிப்போடு வளர்ந்திருக்கிறது.

ஆங்கிலச் சொற்களின் கதை நேர் எதிர். வொகேஷன் என்பதன் இலத்தீன் வேருக்கு 'அழைப்பு' என்று பொருள். இறைவன் அழைத்து ஒருவர் துறவியாகவோ குருவாகவோ போவதைக் குறித்த உயர்ந்த சொல் அது. புரொஃபஷன் என்பதும் பலரறிய உறுதி சொல்வதிலிருந்து வந்தது. சமயம், சட்டம், மருத்துவம் மூன்றும் அந்த இரண்டாம் சொல்லைத் தமக்கென்று வைத்துக்கொண்டன. முதல் சொல் பட்டறைக்கு இறங்கியது. தெய்வம் அழைத்த சொல்லாக இருந்தும் அதனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை.

சென்னையில் இந்தப் பிளவு நிறுவனங்களாகவே எழுந்தது. 1794இல் அளவையாளர் மைக்கேல் டாப்பிங்கின் யோசனைப்படி ஒரு நில அளவைப் பள்ளி எட்டு மாணவர்களோடு தொடங்கியது. சங்கிலி பிடிக்கவும் கோணம் பார்க்கவும் வரைபடம் போடவும் கற்றுக்கொடுத்த, முழுக்க முழுக்கச் செய்முறைப் பள்ளி. 1858இல் அது சிவில் பொறியியல் பள்ளி ஆனது. மறு ஆண்டே கல்லூரி என்று பெயர் மாறியது. இன்று கிண்டியில் இருக்கும் பொறியியல் கல்லூரி அதுதான். 1916இல் சென்னையில் இன்னொரு தொழிற்பள்ளி தோன்றியது. டிரேட்ஸ் ஸ்கூல் என்று பெயர். பிறகு மத்திய பாலிடெக்னிக் ஆனது. இரண்டும் கைவேலையில் பிறந்தவைதான். ஒன்றுக்குப் பல்கலைக்கழகப் பட்டமும் பொதுப்பணித் துறையின் அதிகாரி நாற்காலியும் கிடைத்தன. மற்றதற்கு டிப்ளமோவும் மேற்பார்வையாளர் வேலையும். முன்னது தொழிற்கல்வியின் மேல்மாடிக்குப் போய்விட்டது. அதன் முன்னோர் சங்கிலி இழுத்த பிள்ளைகள் என்பது யாருக்கும் நினைவில்லை.

பள்ளிக்குள் கோடு கிழித்தது 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக்குழு. உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளை இரண்டாகப் பிரிக்கலாம், ஒன்று பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு, மற்றொன்று வணிகத்துக்கும் செய்முறை வேலைகளுக்கும் என்று அது பரிந்துரைத்தது. கல்வி வரலாற்று நூல்களில் இவற்றை 'ஏ கோர்ஸ்', 'பி கோர்ஸ்' என்று படிப்போம். பி கோர்ஸுக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. காரணம் எளிது. அரசு வேலை ஏ கோர்ஸின் முடிவில் இருந்தது. பி கோர்ஸின் முடிவில் கதவே இல்லை. பெற்றோர் அன்றைக்கே சரியாகக் கணக்குப் போட்டார்கள். உடலுழைப்பை இகழ்ந்தார்கள் என்று அவர்கள்மேல் பழி போடுவது நியாயம் இல்லை.

1937இல் காந்தி வார்தாவில் முன்வைத்த திட்டம் வேறு வகை. நூற்பு, நெசவு, தோட்ட வேலை ஆகியவற்றை நடுவில் வைத்து, கணக்கும் மொழியும் அறிவியலும் அவற்றின் வழியாகவே சொல்லிக்கொடுப்பது. தமிழில் இதற்கு 'ஆதாரக் கல்வி' என்று பெயர் வந்தது. 'ஆதாரப் பள்ளி' என்ற பலகையைத் தாங்கிய பள்ளிகள் தமிழ்நாட்டில் பல இருந்தன. பெயரில் 'தொழில்' இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் அடிப்படையானது என்பதுதான் அந்தப் பெயரின் உரிமைகோரல். பின்னால் அந்தப் பள்ளிகளில் நூல் நூற்கும் தக்ளி மட்டும் மிஞ்சி, கற்பித்தல் தேய்ந்ததில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஏழை, பணக்காரர் எல்லாப் பிள்ளையும் ஒரே வகுப்பில் கையாலும் கருத்தாலும் படிக்கலாம் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது.

அதன் பிறகு வந்தது 1953. தமிழ்நாட்டில் தொழிற்கல்வியைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் அந்த ஆண்டைத் தாண்டிப் போக முடியாது.

முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த திட்டத்துக்கு அரசு வைத்த பெயர் 'திருத்திய ஆரம்பக் கல்வித் திட்டம்' என்ற பொருளில் அமைந்தது. ஒரு பிள்ளைக்கு நாளில் மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் பெற்றோரிடம் அவர்கள் செய்யும் வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இடமும் ஆசிரியரும் போதாத நிலையில் ஷிஃப்ட் முறையில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பதும் அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. எதிர்த்தவர்கள் ஒரே சொல்லில் விடை சொன்னார்கள்: 'குலக்கல்வித் திட்டம்'. பெரியாரின் திராவிடர் கழகமும், இதை ஒரு முனையாக வைத்து மும்முனைப் போராட்டம் நடத்திய தி.மு.க.வும் அந்தப் பெயரைத் தெருத்தெருவாகக் கொண்டுபோயின. காங்கிரசுக்கு உள்ளேயும் எதிர்ப்பு வலுத்தது. 1954இல் ராஜாஜி விலகினார். காமராசர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். அரசு வைத்த பெயர் இன்று ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் தெரியும். எதிரிகள் வைத்த பெயரே வரலாற்றின் பெயராகிவிட்டது.

அந்தப் பெயர் சரியாகவே வைக்கப்பட்டது என்று நான் கருதுகிறேன். 'பெற்றோர் செய்யும் வேலை' என்று காகிதத்தில் எழுதினால் அது பொதுவாகத் தெரியும். சாதியால் வேலை பிரிக்கப்பட்ட ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: பறையடித்தவர் மகன் பறையடிக்கப் போக வேண்டும், வெளுத்தவர் மகள் வெளுக்கப் போக வேண்டும். குலத்தொழில் என்ற பழைய கூட்டுச்சொல்லிலிருந்து 'தொழில்' என்பதை எடுத்துவிட்டு அங்கே 'கல்வி'யை வைத்ததில் எதிர்ப்பின் முழு வாதமும் அடங்கியிருந்தது. கல்வி என்பது பிறப்பிலிருந்து வெளியேறும் வழி. அதையே பிறப்புக்குத் திருப்பிக் கட்டுகிறீர்கள் என்ற குற்றச்சாட்டு அது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வி என்றபோதும், 2023இல் கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோதும், தமிழ்நாட்டில் முதலில் எழுந்த சொல் குலக்கல்விதான். விஸ்வகர்மா திட்டத்தை மாநில அரசு ஏற்காமல், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற கட்டு இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே கொண்டுவந்தது.

ஆனால் இந்த நியாயமான அச்சத்துக்கு நாம் ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம். நம் மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவைப் பற்றி எழுத்தாளர்களும் இயக்கங்களும் அக்கறையோடு பேசவே இல்லை. எதிர்க்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. அது அநாதையாக வளர்ந்தது.

அதன் பிறப்பு 1978. கோத்தாரி கல்விக்குழு 1966இல் தந்த அறிக்கையைப் பின்பற்றிக் கல்லூரியில் இருந்த பி.யூ.சி. போய்ப் பள்ளியில் பிளஸ் டூ வந்த ஆண்டு அது. மேல்நிலையில் படிப்போரில் பாதிப்பேர் தொழிற்படிப்புக்கு வர வேண்டும் என்பது கோத்தாரியின் கனவு. அதே 1978இல் மேல்நிலைக் கல்வியைத் தொழில்சார்ந்ததாக்குவது பற்றி ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைவர் நம்மூர்க்காரர்: வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராகி, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த மால்கம் ஆதிசேஷய்யா. 'செய்யக் கற்றல்' என்ற பொருளில் அறிக்கைக்குத் தலைப்பு வைத்தார். பொதுக்கல்வி, தொழிற்கல்வி இரண்டையும் பிரிந்து ஓடும் இரண்டு ஸ்ட்ரீம்களாகச் சொல்லாமல் 'ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லை எடுத்தார். வானவில்லில் ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாதே. அந்த நினைப்பில்தான் அப்படிப் பெயரிட்டிருக்க வேண்டும்.

பள்ளிகளில் அந்தச் சொல் தங்கவில்லை. அங்கே 'குரூப்' என்ற சொல் வந்து உட்கார்ந்தது. ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கணக்கும் உயிரியலும். செகண்ட், தேர்ட் என்று இறங்கிக்கொண்டே போய், எண்ணுக்கு வெளியே 'ஒகேஷனல்'. வொகேஷனல் என்பதைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். "என்ன குரூப்டா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் பையன் ஒரு கணம் தயங்குவான். வரிசை எண் போட்டுக் கற்றுக்கொடுத்த தயக்கம் அது.

ஜூன் மாதத்தில் எந்த அரசு மேல்நிலைப் பள்ளியின் சேர்க்கை மேசையிலும் ஒரு கேள்வியைக் கேட்கலாம். மதிப்பெண் பட்டியலை மடித்துப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நிற்பார். "சார், இந்த குரூப்ல சேத்தா புள்ள பின்னாடி காலேஜு போக முடியுமா?" என்பார். கல்லூரியா, தொழிலா என்று கருத்தரங்குகளில் எடை போடுகிறோமே, அந்த விவாதத்தை இதைவிடக் கூர்மையாக யாரும் கேட்டதில்லை. அந்த அம்மாவுக்குத் தொழில்மேல் வெறுப்பு இல்லை. அவர் வீட்டில் எல்லோரும் உழைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். கதவு பின்னால் சாத்தப்படுமா என்பதே அவர் கவலை.

அந்தப் பிரிவில் என்ன நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பழைய பாடத்திட்டத்தில் 'ஜெனரல் மெஷினிஸ்ட்' என்ற பெயரில் ஒரு பாடம் இருந்தது. செய்முறை வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கடைசல் எந்திரத்தில் டேப்பர் கடையும் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் கம்பி. ஐம்பது மில்லிமீட்டர் நீளத்துக்குள் அது சீராகச் சரிந்து முனையில் இருபது மில்லிமீட்டர் ஆக வேண்டும். காம்பவுண்ட் ரெஸ்ட்டை எத்தனை டிகிரி திருப்புவது? விட்டங்களின் வித்தியாசம் ஐந்து. அதில் பாதி இரண்டரை. அதை ஐம்பதால் வகுத்தால் 0.05. எந்தக் கோணத்துக்கு டேன் 0.05 என்று அட்டவணையில் தேடினால் ஏறக்குறைய 2 டிகிரி 52 நிமிடம். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் பாடத்தில் எதற்கென்று தெரியாமல் மனப்பாடம் செய்த அதே டேன். அரை டிகிரி பிசகினால், பொருந்த வேண்டிய ஸ்லீவுக்குள் ஜாப் ஆடும். வெர்னியர் காலிப்பரில் குட்டு வெளிப்படும். இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று யார் முடிவு செய்தார்கள்? கணக்கு அவன் கையில் இருக்கிறது. அதைத் தாளில் எழுதிக் காட்டப் பயிற்சி தரவில்லை என்பதுதான் குறை.

பெயரை மாற்றினால் மதிப்பு வருமா? அமெரிக்கா இதை முயன்று பார்த்திருக்கிறது. 1917இல் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் வொகேஷனல் கல்விக்குக் கூட்டாட்சிப் பணத்தைத் திறந்துவிட்டது. அதற்குச் சற்று முன்பே, இதற்கென்று தனிப்பாதை போட்டுப் பிள்ளைகளைப் பிரிப்பது மக்களாட்சிக்கு ஆகாது என்று கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி வாதிட்டார். அவர் அஞ்சியபடியே அந்த வகுப்புகள் ஏழைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ஒதுக்கிவைக்கும் அறைகளாகப் பல ஊர்களில் மாறின. சொல்லில் கறை ஏறியது. 1998இல் அந்தத் துறை ஆசிரியர்களின் தேசியச் சங்கம் தன் பெயரிலிருந்து 'வொகேஷனல்' என்பதை எடுத்தது. 2006இல், இந்தக் கல்விக்குக் கூட்டாட்சிப் பணம் தரும் பெர்கின்ஸ் சட்டமும் அதை எடுத்துவிட்டு 'கெரியர் அண்ட் டெக்னிக்கல்' என்று போட்டது. பெயரோடு நின்றிருந்தால் இந்தச் சொல்லும் கறைபட்டிருக்கும். அந்தச் சட்டம் உயர்நிலைப் பள்ளியின் தொழிற்பாடத்தைக் கல்லூரிப் பாடத்தோடு இணைத்துத் தொடர் படிப்பாக வகுக்கவும் கேட்டது. கல்லூரி, வேலை இரண்டுக்கும் தயார் என்ற பேச்சு அங்கே எழுந்தது இப்படித்தான்.

நம்மிடமும் பெயர்மாற்றம் நடந்தது. 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது ஜெனரல் மெஷினிஸ்ட் 'அடிப்படை இயந்திரவியல்' ஆனது. வேளாண் செயல்முறைகள் 'வேளாண் அறிவியல்' ஆனது. மெஷினிஸ்ட் என்பது ஆளின் பெயர், அதுவும் ஒரு வேலையில் அமர்ந்துவிட்ட ஆளின் பெயர். இயந்திரவியல் என்பது படிப்பின் பெயர். பதினைந்து வயதுப் பிள்ளையை இன்னும் எதுவும் ஆகிவிடாத மாணவராக நடத்துகிறது இந்தப் புதுப்பெயர். இதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அதே காலத்தில் பல அரசுப் பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் இடம் நிரப்பப்படாமல் பிரிவே மூடப்பட்டது. நல்ல பெயர் கிடைத்த நேரத்தில் வகுப்பறை பூட்டப்படுவது கொடுமை.

எடை போடுவதில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு; நாட்டுக்கு 28.4. தலைமுறை தலைமுறையாகப் போராடி எட்டிய உயரம் இது. இங்கிருந்து எந்தப் பிள்ளையையும், உனக்குத் தொழில் போதும் என்று சொல்லிக் கீழே இறக்கக் கூடாது. அதே நேரத்தில் பதினெட்டு வயதில் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவர வேண்டிய பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். வெறும் பிளஸ் டூ சான்றிதழோடு, கையில் ஒரு வேலையும் இல்லாமல் அவர்களை வெளியே அனுப்புவதும் அநீதிதான். ஆகவே பள்ளித் தொழிற்கல்வியை அளக்க எனக்கு ஓர் அளவுகோல் போதும்: இதில் சேர்ந்த பிள்ளை மனம் மாறினால் வேறு பாதைக்குப் போக முடிகிறதா? முடிந்தால் அது கல்வி. முடியாவிட்டால் 1953இன் பெயர் அதற்கும் பொருந்தும்.

கதவுகள் இப்போதே சில திறந்திருக்கின்றன. தொழிற்கல்விப் பிரிவில் தேறியவர் கலை, வணிகப் பட்டப்படிப்புகளில் சேரலாம். பாலிடெக்னிக்கில் பொருத்தமான பிரிவின் இரண்டாம் ஆண்டுக்கு நேராகப் போகலாம். டிப்ளமோ முடித்துப் பி.இ.யின் இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். பொறியியல் கலந்தாய்வில் இவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தது. நம் அரசாணைகளில் நான் மதிக்கும் வரிசைகளில் அதுவும் ஒன்று. இவை சேர்க்கைப் படிவத்திலேயே, குரூப்பின் பெயருக்குக் கீழே, அந்த அம்மா படிக்கும்படி தமிழில் அச்சாக வேண்டும். குரூப்புக்கு எண் போடுவதை நிறுத்த வேண்டும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. 1986இன் தேசியக் கல்விக் கொள்கை 1995க்குள் மேல்நிலை மாணவர்களில் 25 விழுக்காட்டினர் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 1992இல் அதை 2000க்குத் தள்ளிவைத்தார்கள். அந்த எண்களை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கொள்கையில், தொழிற்கல்வி முடித்தவர்கள் பொதுக்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் புரொஃபஷனல் படிப்புகளுக்கும் மாறிப்போக இணைப்புப் படிப்புகள் நடத்தப்படும் என்ற வாக்குறுதியும் இருந்தது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பிளஸ் டூ தேர்வு முடிவதற்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையில் கோடை முழுதும் பள்ளிக்கூடங்கள் காலியாகக் கிடக்கின்றன. கணக்கு, இயற்பியல், ஆங்கிலம் மூன்றையும் கடைசல் எந்திரத்திலிருந்தும் மின்மோட்டாரிலிருந்தும் தொடங்கிச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களை ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியில் அமர்த்தினால், அந்த இணைப்புப் படிப்பை வரும் ஏப்ரலிலேயே தொடங்கிவிடலாம்.